ஆங்கிலம் பழகுவோம்: "ரெசிஸ்ட்" – எதிர்த்து நிற்பது யார்?



சென்ற இதழில் "ரெகமண்ட்" என்ற வினைச்சொல்லைப் பார்த்தோம். இந்த மாதம் "ப்ரிவென்ட்" என்ற சொல்லை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதைத் தள்ளிவைத்துவிட்டு "ரெசிஸ்ட்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளும்படி ஒரு சம்பவம் நடந்துவிட்டது. வாசகிகள் மன்னிக்க வேண்டும்.

ஒரு நாள் மஃரிப் தொழுகை முடிந்த நேரம். எங்கள் ஒழுங்கையிலே குடியிருக்கும் ஓர் இளந்தாய் கையிலே ஒரு கடதாசியோடு வந்தார். அவருடைய நாலு வயதுப் பெண் பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் அழுகை. சிறுநீரைக் கல்ச்சர் செய்து பார்த்து, ரிப்போர்ட்டும் கொடுத்து, மருந்தும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டைத்தான் கொண்டுவந்திருந்தார். முகத்திலே ஒரு சந்தோஷமும் ஒரு பயமும் சேர்ந்திருந்தன.

"டீச்சர், புள்ளைக்கு நல்ல எதிர்ப்புச் சக்தி இரிக்கி போல. பாருங்க, ஆறு மருந்துக்கு நேரே 'ரெசிஸ்டன்ட்' எண்டு போட்டிரிக்கி. ஆனா டொக்டர் எழுதித் தந்த மருந்துக்கு நேரே 'சென்சிட்டிவ்' எண்டு கிடக்கு. அப்ப அது புள்ளைக்கு ஒத்துக்கொள்ளாதுதானே? நேத்து ராவும் இண்டைக்குக் காலையிலயும் நான் குடுக்கல்ல."

இந்தச் சகோதரி படிக்காதவர் அல்ல. சாதாரண தரத்தில் ஆங்கிலத்தில் திறமைச் சித்தி பெற்றவர். வீட்டில் அகராதியும் வைத்திருக்கிறார். அகராதியில் "ரெசிஸ்டன்ட்" என்பதற்கு "எதிர்ப்புச் சக்தியுள்ள" என்றும், "சென்சிட்டிவ்" என்பதற்கு "எளிதில் பாதிக்கப்படும்" என்றும் பார்த்துத்தான் வந்திருக்கிறார். இரண்டு பொருளும் சரி. பிழை வேறோர் இடத்தில் இருந்தது. பாதிக்கப்படுவது யார், எதிர்த்து நிற்பது யார் என்று அவர் கேட்கவில்லை. அந்தத் தாளிலே இருந்த எழுவாய் பிள்ளை அல்ல, கிருமி! பிள்ளையின் சிறுநீரிலே வளர்ந்த கிருமியை எடுத்து, ஒவ்வொரு மருந்துக்கும் அது மடிகிறதா, மடியாமல் நிற்கிறதா என்று சோதித்துப் பார்த்து எழுதிய கணக்கு அது. "ரெசிஸ்டன்ட்" என்றால் அந்த மருந்தைக் கிருமி எதிர்த்து நின்றுவிட்டது, அதைக் கொடுத்துப் பயனில்லை. "சென்சிட்டிவ்" என்றால் அந்த மருந்துக்குக் கிருமி பணிந்துவிடுகிறது, கொடுக்க வேண்டியது அதைத்தான். அந்தத் தாய் சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் பயந்து, பயப்பட வேண்டிய இடத்தில் சந்தோஷப்பட்டு, இரண்டு வேளை மருந்தையும் நிறுத்திவிட்டார்.

உடனே டொக்டருக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர் சொன்னபடி அன்றிரவே மருந்தைத் தொடங்கினோம். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை இப்போது ஓடி விளையாடுகிறது.

இதிலே அந்தச் சகோதரியின் மீது எனக்குக் குறையில்லை. நம் தமிழிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நோயை நம் உடம்பு எதிர்க்கும் வலுவை "நோய் எதிர்ப்புச் சக்தி" என்கிறோம். எங்கள் பாடசாலைப் புத்தகங்கள் அதை "நிர்ப்பீடனம்" என்று தனிச் சொல்லால் சொல்கின்றன. வாயில் நுழையாத சொல் என்று நாமெல்லாம் சிரித்திருக்கிறோம், ஆனால் அந்தச் சொல் வழக்கில் நின்றிருந்தால் இந்தக் குழப்பம் வந்திராது. ஆங்கிலத்தில் உடம்பின் அந்த வலுவுக்கு "இம்யூனிட்டி" என்று ஒரு சொல் இருக்கிறது. கிருமி மருந்தை எதிர்ப்பதற்குத்தான் "ரெசிஸ்டன்ஸ்" என்று எழுதுகிறார்கள். தமிழிலே இரண்டுக்கும் "எதிர்ப்பு" என்ற ஒரே சொல்லைப் போட்டுக்கொண்டோம்.

கிருமிக்கு அந்த எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும். கொஞ்ச மருந்தைக் கொடுத்து, காய்ச்சல் விட்டவுடன் நிறுத்தி, மிச்சத்தை அலுமாரியில் வைத்து, அடுத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது டொக்டரைக் கேளாமல் அதையே கலக்கிக் கொடுக்கிறோமே, அதிலிருந்தும் வருகிறது. பலமில்லாத கிருமிகள் மடிய, பலமுள்ளவை தப்பிப் பெருகுகின்றன. 1928 இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், 1945 இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, போதாத அளவில் மருந்தெடுப்பவர் கிருமிக்கு எதிர்க்கக் கற்றுக்கொடுத்துவிடுவார் என்று எச்சரித்தார். ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை உலக சுகாதார ஸ்தாபனம் இதற்கென்றே ஒரு வாரம் வைத்திருக்கிறது.

நீரிழிவுக்காரர்களிடம் டொக்டர்மார் சொல்லும் "இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்" என்பதையும் இதே கேள்வியால் பிரித்துப் பாருங்கள். எதிர்ப்பது யார்? உடம்பு. எதை? இன்சுலினை. இன்சுலின் உடம்பில் சுரந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் அதன் சொல்லைத் தசையும் ஈரலும் சரியாகக் கேட்பதில்லை. "எனக்கு ரெசிஸ்டன்ஸ் கூடவாம்" என்று ஒரு கல்யாண வீட்டில் ஒரு மாமி பெருமையாகச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

"ரெசிஸ்ட்" லத்தீன் மொழியிலிருந்து வந்தது. "ரெ" என்பதற்கு இங்கே எதிராக என்று கொள்ளலாம். "சிஸ்டெரே" என்றால் நிற்றல். ஆக, எதிர்த்து நிற்றல். நம் தமிழும் அப்படியே "எதிர்த்து நில்" என்றுதான் சொல்கிறது என்பதைக் கவனித்தீர்களா? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள், எதிர்ப்பு என்பது ஓர் அடியும் பின்வாங்காமல் நிற்பது என்பதிலே ஒத்துப்போகின்றன. வாவியிலே வலை கட்ட நட்ட கம்பை நினைத்துக்கொள்ளுங்கள். நீரோட்டம் வந்து மோதும், கம்பு யாரையும் போய் அடிப்பதில்லை, நிற்கிறது. "ரெசிஸ்ட்" என்ற வினையின் உயிர் அதுதான். வருகிற ஒன்று இருக்க வேண்டும், அதன் முன்னே நிற்கிற ஒன்றும் இருக்க வேண்டும்.

இதே "நிற்றல்" என்ற வேரிலே பிறந்த உடன்பிறப்புகள் பல. பக்கத்தில் நின்று உதவுவது "அஸிஸ்ட்". சொன்னதிலேயே நிற்பது "இன்ஸிஸ்ட்". விடாமல் தொடர்ந்து நிற்பது "பெர்ஸிஸ்ட்". பிள்ளைகளுக்கு இவற்றை ஒன்றாகச் சொல்லிக்கொடுத்தால் ஒன்றைப் பிடித்து மற்றதை எடுத்துக்கொள்வார்கள்.

இந்தச் சொல்லில் நம்மவர்கள் விடும் முதற்பிழை, "ரெசிஸ்ட் அகெய்ன்ஸ்ட்" என்று எழுதுவது. தமிழிலே "அதற்கு எதிராக" என்று சொல்லிப் பழகியதால் வரும் பிழை இது. எதிர் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, வெளியிலே இன்னொன்று வேண்டாம். "ஷீ ரெசிஸ்டட் த சேஞ்ச்" என்றால் போதும். "ஒப்போஸ்" என்ற சொல்லுக்கும் இதே விதி.

இரண்டாம் பிழை, "ரெசிஸ்ட்" என்பதற்குப் பின்னால் "டு" போடுவது. "ஷீ ரெசிஸ்டட் டு கோ" என்று எழுதாதீர்கள். போக மறுத்தாள் என்று சொல்ல வேண்டுமானால் "ஷீ ரெஃபியூஸ்ட் டு கோ". "ரெசிஸ்ட்" என்பதற்குப் பின்னே பெயர்ச்சொல் வரும், அல்லது "இங்" என்று முடியும் வினை வரும். இதை மறக்காமல் இருக்க ஒரு நோன்புக்கால உதாரணம் சொல்கிறேன். முதன்முதலாக நோன்பு பிடித்த என் பேரன் அஸருக்குப் பிறகு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து திறந்து மூடினான். கடைசியிலே ஒரு வட்டிலப்பத் துண்டோடு பிடிபட்டான். "ஐ குடின்ட் ரெசிஸ்ட் ஈட்டிங் இட், உம்மம்மா!" என்றான். நோன்பு போனது, ஆங்கிலம் மட்டும் இலக்கணப்படி இருந்தது. ஆசை வந்து மோத, அதன்முன் நிற்க முடியாமல் போவதைச் சொல்ல ஆங்கிலத்தில் இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது. ஷைத்தானின் ஊசாட்டத்தை, நஃப்ஸின் ஆசையை எதிர்த்து நிற்பதற்கும் இதே சொல்தான்.

கைக்கடிகாரத்தின் பின்புறத்தில் "வோட்டர் ரெசிஸ்டன்ட்" என்று எழுதியிருப்பதை எத்தனை பேர் நம்பி வுழூ செய்து, கடிகாரத்துக்குள் வேர்வை கட்டக் கண்டிருக்கிறீர்கள்? நீரை எதிர்த்து நிற்கும் என்றுதான் அவன் எழுதியிருக்கிறான், ஒருநாளும் உள்ளே விடாது என்று எழுதவில்லை. எதிர்த்து நிற்பது வேறு, தோற்காமலே இருப்பது வேறு. "ரெசிஸ்ட்" என்ற சொல்லிலே வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை. நின்று தோற்றாலும் அது "ரெசிஸ்ட்"தான்.

நின்று, தாங்கி, மிஞ்சியும் விட்டால் அதற்கு "வித்ஸ்டாண்ட்" என்று வேறொரு சொல் உண்டு. இது ஆங்கிலத்தின் சொந்தச் சொல். இன்று "கூட" என்று பொருள்படும் "வித்", பழைய ஆங்கிலத்திலே "எதிராக" என்று பொருள்பட்டது. ஆகவே அதுவும் எதிர்த்து நிற்றல்தான்! 1978 நவம்பர் 23 ஆம் திகதி வீசிய சூறாவளியை மட்டக்களப்பு வாவிக்கரையின் மூத்தவர்கள் மறக்கமாட்டார்கள். தென்னந்தோட்டங்கள் சரிந்தன, கூரைகள் பறந்தன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது கல்லடியிலும் காத்தான்குடியிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் எந்த வீடு நின்றது, எந்த வீடு போனது என்று நாம் எண்ணினோமே, நின்ற வீட்டைச் சொல்ல "வித்ஸ்டாண்ட்" என்ற வினையைப் போட வேண்டும். சூறாவளியை "ஒப்போஸ்" பண்ண முடியாது. ஒருவர் கொண்டுவரும் யோசனையை, திட்டத்தை, சட்டத்தை வாயால், வாக்கால் எதிர்ப்பதுதான் "ஒப்போஸ்". கடலுக்கு யோசனை கிடையாது.

துணிக்குச் சாயம் போடும் பத்திக் வேலையிலும் "ரெசிஸ்ட்" என்ற சொல் இருக்கிறது. துணியிலே மெழுகால் பூ வரைந்து சாயத்தில் தோய்த்தால், மெழுகு இருந்த இடத்தைச் சாயம் பிடிப்பதில்லை. அந்த மெழுகுக்குத் தொழில்காரர் வைத்த பெயரே "ரெசிஸ்ட்". மெழுகை உருக்கியெடுத்த பிறகு, சாயம் நுழையாத அந்த இடம்தான் பூவாகத் தெரிகிறது. எனக்கு இந்த உதாரணம் மிகவும் பிடிக்கும். இயற்பியல் புத்தகத்தில் மின்னோட்டத்துக்கான "தடை" என்று பிள்ளைகள் படிப்பதும் இதே "ரெசிஸ்டன்ஸ்"தான் என்பதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

"மறுத்தல்" என்ற நம் சொல்லும் பிள்ளைகளைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. "போக மறுத்தார்" என்றால் "ரெஃபியூஸ்". "அவர் மீது சொன்ன குற்றத்தை மறுத்தார்" என்றால் "டினை". முன்னது செய்யமாட்டேன் என்பது, பின்னது அது உண்மையில்லை என்பது. "ஒப்ஜெக்ட்" என்பது ஆட்சேபித்தல். அதற்குப் பின்னே "டு" வரும், அந்த "டு" இற்குப் பின்னே "கோயிங்" வருமே தவிர "கோ" வராது. "ஒப்ஜெக்ட்" என்பதைப் பெயராகச் சொல்லும்போது முதல் அசையை அழுத்த வேண்டும், வினையாகச் சொல்லும்போது பிந்திய அசையை. "புரொடெஸ்ட்" என்ற சொல்லிலும் அப்படித்தான் பெரும்பாலும் அழுத்தம் மாறும்.

"புரொடெஸ்ட்" என்றவுடன் நம் பிரதேசத்தாருக்கு ஹர்த்தாலும் மூடிய கடைகளும் ரோட்டில் எரியும் டயரும்தான் ஞாபகத்துக்கு வரும். சொல்லின் பிறப்பைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. லத்தீனில் "டெஸ்டிஸ்" என்றால் சாட்சி. பலர் முன்னே சாட்சியாக அறிவிப்பதுதான் "புரொடெஸ்ட்". தான் நிரபராதி என்று ஒருவர் உரத்துச் சொல்வதற்கு இன்றும் ஆங்கிலத்தில் இந்த வினையைப் பயன்படுத்துகிறார்கள். சாட்சி சொல்லுதல் என்பதையே மார்க்கத்தின் வாசலாகக் கொண்ட நமக்கு இந்தச் சொல் அந்நியமாக இருக்க வேண்டியதில்லை.

"ரெசிஸ்டன்ஸ்" என்ற சொல்லைப் பற்றி ஒரு காலத்தில் பெரிய விவாதமே நடந்தது. தென்னாபிரிக்காவின் ட்ரான்ஸ்வாலில், இந்தியர்கள் கைரேகை கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. அதை எதிர்த்து 1906 செப்டெம்பர் 11 ஆம் திகதி ஜொஹன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரிலே கூட்டம் நடந்தது. அங்கே ஹாஜி ஹபீப் என்ற முஸ்லிம் வியாபாரி எழுந்து, இந்தத் தீர்மானத்தை அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்து எடுப்போம் என்று கேட்டுக்கொண்டார். காந்தியடிகள் அந்த வார்த்தையால் திடுக்கிட்டு, இறைவன் பெயரால் எடுக்கும் சத்தியத்தின் பாரத்தைக் கூட்டத்தாருக்கு விளக்கினார் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தப் போராட்டத்தை முதலில் "பாசிவ் ரெசிஸ்டன்ஸ்" என்றார்கள். காந்திக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. வேறு ஆயுதம் இல்லாத பலவீனர் கையாளும் வழி என்ற அர்த்தம் அதிலே ஒட்டியிருந்தது. "இந்தியன் ஒப்பீனியன்" பத்திரிகையில் நல்லதொரு பெயருக்குப் பரிசு அறிவித்தார்கள். மகன்லால் காந்தி அனுப்பிய "சதாக்ரஹ" என்ற சொல்லைத் திருத்தித்தான் "சத்தியாக்கிரகம்" பிறந்தது. அந்தப் போராட்டத்தில் சிறை சென்று நோயோடு வெளிவந்து, 1914 இல் பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மை ஒரு தமிழ்ப் பெண். நம் ஊருக்கும் அந்தச் சொல் வந்தது. 1961 இல் தமிழரசுக் கட்சியினர் நடத்திய சத்தியாக்கிரகத்தின்போது, மட்டக்களப்பில் ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்த கச்சேரியின் முன்னேயும் மக்கள் அமர்ந்தார்கள். ஆங்கிலச் சொல் போதவில்லை என்று ஒரு புதுச் சொல்லையே செய்துகொண்ட கதை இது. அகராதியைப் புரட்டும்போது எனக்கு அடிக்கடி நினைவு வரும்.

நம் மார்க்க நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. குர்ஆனின் 58 ஆவது அத்தியாயம் "அல்முஜாதலா". கவ்லா பின்த் ஸஃலபா (ரழி) அவர்களை, அவருடைய கணவர் "நீ எனக்கு என் தாயின் முதுகைப் போல" என்று சொல்லி விலக்கிவிட்டார். மனைவியாகவும் வைக்காமல், விடுதலையும் கொடுக்காமல் தொங்கவிடும் அக்கால வழக்கம் அது. கவ்லா நாயகியார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து திரும்பத் திரும்ப வாதாடி, அல்லாஹ்விடமும் முறையிட்டார். அந்த வழக்கத்தைத் தவறென்று சொல்லி வசனம் இறங்கியது. அவருடைய பேச்சைக் குறிக்கும் அந்த அரபு வினைக்கு பிக்தால் தம் ஆங்கில மொழிபெயர்ப்பில் "டிஸ்பியூட்" என்ற வினையைப் போட்டார். அப்துல்லா யூசுப் அலி "ப்ளீட்" என்று போட்டார். முன்னது வாதிடுதல், பின்னது மன்றாடுதல். இரண்டு பேரும் பெரிய அறிஞர்கள், ஆனால் அவர்கள் தேர்ந்த சொல்லைக் கொண்டு வாசகர் மனதில் எழும் பெண்ணின் உருவம் மாறிவிடுகிறது. ஒருவரில் நிமிர்ந்து நிற்கிறார், மற்றவரில் கையேந்தி நிற்கிறார். எனக்கு முதற்சொல்லே பொருந்துவதாகத் தோன்றுகிறது.

பரீரா (ரழி) அவர்களின் சம்பவமும் அப்படித்தான். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற அவருக்கு, அடிமையாகவே இருந்த கணவர் முகீஸோடு வாழ்வதா, பிரிவதா என்று தீர்மானிக்கும் உரிமை கிடைத்தது. பிரிவதென்று முடிவெடுத்தார். முகீஸ் தாடி நனைய அழுதுகொண்டு மதீனாத் தெருக்களில் அவர் பின்னே திரிந்தார். நபியவர்கள் இரக்கப்பட்டு, திரும்பிப் போகக்கூடாதா என்று பரீராவிடம் கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்து பேசுகிறேன் என்றார்கள். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்றார் பரீரா. புகாரியில் வரும் செய்தி இது. சொற்பொருள் படிப்பவர்களுக்கு இதிலே ஒரு பாடமே இருக்கிறது. கட்டளையை மீறினால் அது "டிஃபை". பரிந்துரையை ஏற்காமல் விட்டால் அது "டிக்ளைன்". எந்த வினை தனக்குரியது என்று அந்தப் பெண் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகுதான் பதில் சொன்னார்.

இதையெல்லாம் விரிவாக எழுதுவதற்கு அந்த ரிப்போர்ட் மட்டும் காரணம் அல்ல. உயர்தர மாணவிகளுக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுக்கும்போது, "ஷீ டிட் நொட் ரெசிஸ்ட்" என்ற வாக்கியத்தைப் போட்டிருந்தேன். பதினொரு பிள்ளைகளில் ஏழு பேர் "அவள் சம்மதித்தாள்" என்று எழுதியிருந்தார்கள். நான் சிவப்புப் பேனையால் அடித்துக்கொண்டே போனேன், ஐந்தாவது தாளில் பேனை நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைகளைக் குற்றம் சொல்வதா? "அவள் எதிர்க்கவில்லை, ஆகவே சம்மதித்தாள்" என்று நம் வீடுகளிலே எத்தனை தடவை கேட்டு வளர்ந்திருப்பார்கள்! பயத்தால் எதிர்க்காமல் இருக்கலாம். எதிர்த்துப் பயனில்லை என்று இருக்கலாம். பெரியவர்கள் பேசும் இடத்தில் வாய் திறக்கக்கூடாது என்று இருக்கலாம். நாக்கு எழாமலும் போகலாம். அந்த வாக்கியத்தின் சரியான தமிழ் "அவள் எதிர்த்து நிற்கவில்லை" என்பது மட்டுமே. அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டக்கூடாது.

இது பரீட்சைப் புள்ளிக்கான விஷயம் மட்டுமல்ல, நாட்டின் சட்டத்திலேயே இருக்கிறது. பெண்ணை மானபங்கப்படுத்தும் கொடிய குற்றத்தைப் பற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 363 ஆம் பிரிவு, 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் மாற்றப்பட்டது. சம்மதம் இருக்கவில்லை என்று நிரூபிப்பதற்கு, உடற்காயம் போன்ற "ரெசிஸ்டன்ஸ்" இருந்ததற்கான சான்று அவசியமில்லை என்று அதிலே ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். நம் பாடத்துச் சொல்லேதான் அங்கே நிற்கிறது. "நீ ஏன் கத்தவில்லை, ஏன் கடிக்கவில்லை" என்று பாதிக்கப்பட்ட பிள்ளையைக் கேட்கும் தாய்மாரும் மாமிமாரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். இப்படியொரு விஷயத்தைக் குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். குடும்பத்தில் எழுதாமல் எங்கே எழுதுவது?

திருமணப் பேச்சிலும் இந்தச் சொல் வருகிறது. கன்னிப் பெண்ணின் மௌனம் அவளுடைய அனுமதி என்று ஹதீஸ் இருக்கிறது, உண்மை. பெண் வெட்கப்படுவாளே என்று ஆயிஷா நாயகி (ரழி) கேட்டதற்குக் கிடைத்த பதில் அது. அதாவது, விருப்பம் இருந்தும் சொல்ல நாணுகிற பிள்ளைக்காகத் தரப்பட்ட சலுகை. விருப்பமில்லாத பிள்ளையின் வாயை அடைப்பதற்கான சட்டமாக அதை நான் படித்ததில்லை. கன்ஸா பின்த் கிதாம் (ரழி) என்ற முன்பு மணமாகியிருந்த பெண்மணியை, அவருடைய தந்தை அவர் விருப்பத்துக்கு மாறாக மணமுடித்து வைத்தபோது, நபியவர்கள் அந்தத் திருமணத்தையே இல்லாமலாக்கினார்கள். இதுவும் புகாரியில் உள்ளது. மத்ஹபுச் சட்டங்களின் நுணுக்கத்தை உலமாக்களிடம் கேளுங்கள், நான் ஆங்கில டீச்சர். ஆனால் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தை இயற்றியவர்கள், பதிவேட்டிலே மாப்பிள்ளைக்கும் வலிக்கும் கையொப்பமிட இடம் வைத்து, மணமகளுக்கு இடம் வைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். 2009 இல் அமைக்கப்பட்டு, 2018 ஜனவரியில் அறிக்கை கொடுத்த நீதியரசர் சலீம் மர்சூப் குழுவின் முன்னே பேசப்பட்டவற்றில் மணமகளின் ஒப்புதலும் கையொப்பமும் ஒன்று. எதிர்ப்பு இல்லை என்பதை ஒப்புதலாக எடுத்துக்கொள்வதா, ஒப்புதலை ஒப்புதலாகவே கேட்டு எழுதுவதா என்பதுதான் அங்கேயும் கேள்வி.

அந்த ஏழு பிள்ளைகளுக்கும் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து, "அப்ப டீச்சர், ஓம் எண்டு சொன்னாத்தான் ஓமா?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "ஓம் மகள்" என்றேன்.

இனி வாசகிகளின் கடிதங்கள். ஏறாவூரிலிருந்து எழுதிய சகோதரி, "ரெகமண்ட்" என்பதற்குப் பின்னே "டு" போடலாமா என்று கேட்டிருக்கிறார். யாருக்கு என்று சொல்லும்போது போடலாம், "ஐ ரெகமண்டட் த புக் டு ஹர்" என்பதுபோல. செயலைச் சொல்லும்போது "இங்" போடுங்கள். ஓட்டமாவடிச் சகோதரியின் கேள்வி நீளமானது, அதற்குத் தனியாக எழுதுகிறேன். இந்த மாதப் பயிற்சிக்கு உங்கள் வீட்டிலே உள்ள மருந்துப் பெட்டி, கைக்கடிகாரம், சமையல் பாத்திரம் ஆகியவற்றில் "ரெசிஸ்டன்ட்" என்று எங்கே எழுதியிருக்கிறது என்று தேடி, ஒவ்வொன்றிலும் எதிர்ப்பது எது, எதிர்க்கப்படுவது எது என்று எழுதியனுப்புங்கள்.

அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், "கன்சென்ட்". "ப்ரிவென்ட்" இன்னும் ஒரு மாதம் காத்திருக்கட்டும்.